நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவே: ஒரு நாடகப் பதிவைத் திரையரங்கில் காட்டியபோது நடந்தவை

பின்னணி

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக ஆரியங்காவுக்கு ஏறும் சாலையை ஒட்டியது எங்கள் ஊர். இந்த வட்டாரம் முதலில் திருவிதாங்கூரிலும், 1949-க்குப் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. மலைக்கு அந்தப் பக்கம், ஆரியங்காவு, கழுதுருட்டி பக்கத்து எஸ்டேட்டுகளில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. கல்யாண ஜவுளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயில் கொடை விழாவுக்கும் அவர்கள் இறங்கி வருவது இந்தப் பக்கம்தான்.

நாடகத்தோடு இந்த மண்ணுக்கு உள்ள உறவைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா (1906–1933) செங்கோட்டைக்காரர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிய குரல் அது. அவரும் கே.பி. சுந்தராம்பாளும் சேர்ந்து நடித்த நாடகங்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் ஒன்று. சுவாமிகள் 1922-இல் மறைந்தார். நூறாண்டு கடந்தும் தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் அந்த நாடகம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஸ்பெஷல் நாடகம் என்று சொல்கிறோமே, அதில் எல்லாரும் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. வேலன் ஒரு ஊரிலிருந்து வருவார், வள்ளி வேறு ஊர், பபூன் வேறு ஊர். ஒத்திகை கிடையாது. பாட்டும் தர்க்கமும் எல்லாருக்கும் நெஞ்சிலேயே இருக்கும். இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடியும்போதுதான் கல்யாணம் நடக்கும். மேடையின் ஓரத்தில் பெட்டி, மிருதங்கம், ஆல்ரவுண்ட் என்ற பலவகைத் தட்டுக்கருவிகள், தாளம். இதில் பெட்டி என்பது ஆர்மோனியம். சுருதியைப் பிடித்து நாடகத்தை நடத்திக்கொண்டு போவது பெட்டிக்காரர்தான். பாடுகிறவரின் சுருதியைப் பெட்டியின் கட்டை எண்ணால்தான் சொல்வார்கள்: நாலரை, அஞ்சு என்று.

எங்கள் ஊர்க் கொடையில் நாடகம் நின்று பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. அந்த இடத்தை இன்னிசைக் கச்சேரி எடுத்துக்கொண்டது. ஊர் வாசகசாலையில் நாங்கள் ஐந்து பேர் இதைப் பற்றிப் பேசாத மாதம் இல்லை. முழு இரவு நாடகம் போட ஆகும் செலவு எங்கள் கைக்கு எட்டாது. எங்களில் ஒருவர் மும்பையில் வேலை பார்த்தவர். அங்கே என்சிபிஏ என்ற கலை மையத்தின் அரங்கில் லண்டன் நேஷனல் தியேட்டரின் நாடகப் பதிவைத் திரையில் பார்த்திருக்கிறார். அந்தத் தியேட்டர் 2009-இலிருந்து தன் நாடகங்களைப் படமாக்கி உலகெங்கும் சினிமா அரங்குகளுக்கு அனுப்பி வருகிறது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அதற்கும் முன்பே, 2006 டிசம்பரில் தொடங்கிவிட்டது. “அவங்க ஆப்பராவைத் திரையில போட்டுப் பாக்கலாம், நாம வள்ளியைப் போட்டுப் பாக்கக் கூடாதா?” என்று அவர் கேட்ட கேள்வியில்தான் இது தொடங்கியது.

தென்மாவட்ட நாடகக் குழு ஒன்று வள்ளி திருமணத்தை ஒரு கோயில் மேடையில் மூன்று கேமரா வைத்துப் படம்பிடித்து, விடியவிடிய நடந்ததை 108 நிமிடமாகச் சுருக்கி வைத்திருந்தது. அதைக் கேட்டு வாங்கினோம்.

காட்சிக்கு முன் எடுத்த முடிவுகள்

எங்கள் பக்கத்தில் மிச்சமிருக்கும் ஒற்றைத்திரை அரங்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். 420 இருக்கை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. முதலாளி அண்ணாச்சி பெரிய மனதோடு ஒத்துக்கொண்டார். ஒரு காட்சிக்கு 9,000 ரூபாய் வாடகை பேசினோம். சிலர் பள்ளி மைதானத்தில் திரை கட்டலாம் என்றார்கள். நான் மறுத்தேன். காசு கொடுத்து உள்ளே வந்து, விளக்கு அணைந்து, உட்கார்ந்து பார்க்கும் மரியாதை நாடகத்துக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றமில்லை.

இதைச் செய்ய நினைக்கும் ஊர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது தணிக்கைச் சான்றிதழ். மேடையில் நாடகம் நாடகம்தான். அதையே படம்பிடித்து அரங்கில் பொதுமக்களுக்குக் காட்டினால் 1952-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டப்படி அது திரைப்படம். டிக்கெட் விற்காமல் இலவசமாகக் காட்டினாலும் பொதுக் காட்சி பொதுக் காட்சியே. சான்றிதழ் இல்லாமல் போட்டால் அரங்கின் உரிமமே ஆட்டம் காணும் என்று அண்ணாச்சி முதல் நாளே சொல்லிவிட்டார். நாடகக் குழு தன் அசல் பதிவுக்கு ‘யு’ சான்றிதழ் எடுத்திருந்தது. அது இல்லையென்றால் நாங்கள் இதில் இறங்கியிருக்க மாட்டோம்.

அரங்கின் செர்வருக்கு டிசிபி வடிவம் வேண்டும், அதாவது டிஜிட்டல் சினிமா அரங்குகளில் ஓட்டும் கோப்பு வடிவம். குழுவின் எடிட்டர் வீடியோ கோப்பிலிருந்து டிசிபி செய்து ஹார்ட் டிஸ்க்கில் அனுப்பினார். காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, இரவுக் காட்சி முடிந்த பிறகு ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தோம். பபூன் வந்து பேசும் பகுதியைப் போட்டுப் பார்த்தோம். படம் துலக்கமாக இருந்தது, பேச்சு புரிந்தது, திருப்தியோடு வீட்டுக்குப் போனோம். ஒரு பாட்டுகூடப் போட்டுப் பார்க்கவில்லை. பின்னால் வந்ததெல்லாம் இங்கிருந்து வந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். எங்கள் தெருவிலேயே 79 வயதுப் பெட்டிக்காரர் ஒருவர் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் வள்ளி திருமணத்துக்குப் பெட்டி வாசித்தவர். அவருக்கு முதல் வரிசையில் இடம் ஒதுக்கினோம், சால்வை வாங்கி வைத்தோம். சோதனை ஓட்டத்துக்கு அவரை அழைக்க வேண்டும் என்று ஐந்து பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் காட்சி: 2024 ஜூன் 29, சனிக்கிழமை மாலை

டிக்கெட் 80 ரூபாய். 163 பேர் வந்தார்கள். எஸ்டேட்டிலிருந்து மட்டும் 38 பேர், பெரும்பாலும் பெண்கள், கேரளா பஸ் பிடித்து வந்திருந்தார்கள். 6.30-க்கு என்று அறிவித்த காட்சி, வரவேற்பும் சால்வையும் முடிந்து 6.50-க்குத் தொடங்கியது.

சாரல் காலம். தொடங்கி கொஞ்ச நேரத்தில் கூரையில் தூறல் விழ ஆரம்பித்தது. ஆஸ்பெஸ்டாஸில் விழும் தூறல் பெரிய மழையைவிட மோசம். ஓயாத இரைச்சலாகக் காதில் நிற்கும். ஆபரேட்டர் ஒலியைக் கூட்டினார். கூட்டியபோது இன்னொரு குறை தெரிந்தது. பதிவில் இடது, வலது என்று இரண்டு தடம் மட்டுமே இருந்தது. அரங்கில் வசனம் வர வேண்டிய சென்டர் ஸ்பீக்கர் ஊமையாக இருந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் ஒரு பக்கச் சுவரிலிருந்து வந்தது. வேலன் திரையின் வலப்பக்கம் நின்று பேசுகிறார், குரல் இடப்பக்கத்திலிருந்து வருகிறது.

கேமராவைப் பற்றியும் முணுமுணுப்பு இருந்தது. டான்ஸ் வரும்போது முகத்தை நெருங்கிக் காட்டிவிட்டார்கள், காலைக் காட்டவில்லை. மேடையில் நாம் எதைப் பார்ப்பது என்பதை நம் கண் தீர்மானிக்கும், இங்கே எடிட்டர் தீர்மானிக்கிறார். அதற்கு நாங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வள்ளி தினைப்புனம் காக்க வந்து, பரண் ஏறி, ஆலோலம் பாடினாள். பாட்டு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து, “ஒன்ஸ்மோர்!” என்றார். நாலைந்து குரல் சேர்ந்துகொண்டது. கைதட்டல் எழுந்தது. நாடகக் கொட்டகையில் இந்தக் குரல் எழுந்தால் பாடுகிறவர் கைகூப்பிவிட்டு மறுபடி எடுப்பார். இங்கே வள்ளி கைகூப்பவில்லை. அடுத்த காட்சி வந்துவிட்டது, அந்த வசனத்தின் முதல் வரி கைதட்டலில் மூழ்கிவிட்டது. எழுந்து நின்ற பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அதன் பிறகு அரங்கில் யாரும் கைதட்டவில்லை. அந்த இரவில் என்னை உறுத்திய முதல் விஷயம் அது.

இரண்டாவது, பெட்டிக்காரர். ஆலோலம் பாட்டின் நடுவிலேயே எழுந்து, சால்வையை மடித்து இருக்கையில் வைத்துவிட்டு வெளியே போனார். வாசலில் நின்ற எங்கள் பையன் கேட்டதற்கு, “தலை ஒரு மாதிரி இருக்கு தம்பி, நீங்க பாருங்க” என்று மட்டும் சொன்னாராம். மழை இரைச்சல், வயது, காது என்று நாங்களே காரணம் கற்பித்துக்கொண்டோம்.

மூன்றாவது, எஸ்டேட் பெண்கள். அவர்களுக்கு 8.45-க்குக் கடைசி பஸ். 8.35-க்குத் திரையில் விருத்தனாக வந்த முருகன் வள்ளியிடம் தேனும் தினைமாவும் கேட்டுக்கொண்டிருந்தபோது 38 பேரும் ஒன்றாக எழுந்தார்கள். கடைசியாக எழுந்த அம்மாவை நான் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “கல்யாணம் பாக்காம எந்திரிச்சுப் போகப்படாதுன்னு எங்கம்மை சொல்லுவா. வீட்டுல கன்னி கழியாத புள்ளை இருக்கு.” எனக்குப் பதில் வரவில்லை. வள்ளி திருமணம் வேண்டுதலுக்காகப் போடப்படும் நாடகம். கல்யாணக் கோலத்தைப் பார்த்து, மங்களம் கேட்டுவிட்டு எழுந்தால்தான் அது முடிந்ததாகக் கணக்கு. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரிந்திருந்தும் பஸ் நேரத்தைக் கேட்காமல் காட்சி நேரம் வைத்திருக்கிறேன்.

காட்சி 8.57-க்கு முடிந்தபோது அரங்கில் பாதிக்கும் குறைவானவர்களே இருந்தார்கள்.

மறுநாள், பெட்டிக்காரர் வீட்டில்

சால்வையை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். மழையைச் சொன்னேன், ஒலிக் குறையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “மழை எல்லா நாடகத்துலயும்தான் பெய்யும். அது இல்ல தம்பி” என்றார். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்து திண்ணையில் வைத்தார். துணியை விலக்கினார். வெள்ளைக் கட்டைகள் மஞ்சளாகிப் போயிருந்தன, அஞ்சாம் கட்டையின் நுனி மட்டும் விரல் பட்டுப்பட்டுத் தேய்ந்து ஒரு சிறு குழியாகியிருந்தது. துருத்தியை இழுத்து அதை அழுத்தினார்.

“இது அஞ்சு. வள்ளி பாட்டெல்லாம் இந்தப் பிள்ளை அஞ்சுலதான் பாடும், மேடையிலயே கேட்டிருக்கேன்.” பக்கத்துக் கறுப்புக் கட்டையை அழுத்தினார். “இது நாலரை. நேத்து அவ இதுலயும் பாடல, அதுலயும் பாடல. நாலரைக்கும் அஞ்சுக்கும் நடுவுல நின்னு பாடுதா. அப்படி ஒரு கட்டை எந்தப் பெட்டியிலயும் கிடையாது. மேடையில உக்காந்திருந்தவன் பெட்டிய எப்படி வாசிச்சான்? எனக்கு அதான் தலை சுத்திச்சு.”

என் கைபேசியில் விளம்பரத்துக்காகக் குழு அனுப்பிய துணுக்கு இருந்தது. அதே ஆலோலம், நாற்பது நொடி. போட்டேன். அவர் அஞ்சாம் கட்டையை அழுத்திப் பிடித்தார். குரலும் பெட்டியும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன, இடையில் ஓர் இழை இடைவெளி இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அரங்கில் கேட்டதும் கையில் இருப்பதும் ஒன்று இல்லை என்பது அப்போது தெரிந்தது.

காரணம்

அங்கிருந்து நேரே அரங்குக்குப் போனேன். ரீல் காலத்திலிருந்து அங்கேயே வேலை பார்க்கும் ஆபரேட்டர், செர்வரில் படத்தின் நீளத்தைப் பார்த்துச் சொன்னார்: 1 மணி 52 நிமிடம் 30 நொடி. குழு எங்களுக்குக் கொடுத்த தாளில் 1 மணி 48 நிமிடம் என்று இருந்தது. நாலரை நிமிடம் எங்கிருந்து வந்தது?

எடிட்டருக்குப் போன் போட்டதும் இரண்டே நிமிடத்தில் விளங்கியது. நாடகத்தை நொடிக்கு 25 பிரேம் வீதம் எடுத்திருக்கிறார்கள். சினிமா அரங்கின் வழக்கம் நொடிக்கு 24. டிசிபி செய்யும்போது அவர் ஒரு பிரேமையும் விடாமல், 25-ஐ அப்படியே 24-ஆக ஓடவிட்டிருக்கிறார். படம் 4 சதவீதம் மெதுவாகும், கண்ணுக்குத் தெரியாது. ஒலியும் கூடவே மெதுவானது, ஸ்தாயியும் இறங்கியது. கணக்குப் போட்டால் இறக்கம் அரைக்கட்டையில் ஏறத்தாழ 70 சதவீதம். அஞ்சு கட்டையில் பாடியது நாலரைக்குச் சற்று மேலே போய் நிற்கும். பெட்டிக்காரர் சொன்ன அதே இடம்.

பேச்சில் இந்த வித்தியாசம் தெரியாது. ஒருவர் குரல் கொஞ்சம் கனத்தால் சளி பிடித்திருக்கிறது என்று நினைப்போம். நாங்கள் சோதித்தது பபூன் பேசும் பகுதியை. சுருதி தெரிந்தவருக்கு முதல் பாட்டிலேயே காட்டிக்கொடுத்துவிட்டது. எடிட்டரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் வேலை செய்தவை பெரும்பாலும் பேச்சுப் படங்கள், தவறை உடனே ஒத்துக்கொண்டு காசு வாங்காமல் திருத்தியும் தந்தார். பெட்டி வாசித்தவரைத் தெருவில் வைத்துக்கொண்டு பாட்டைச் சோதிக்காமல் விட்டது நாங்கள்.

திருத்தம்

இரண்டு வழி இருந்தது. ஒன்று, படத்தை 24-லேயே விட்டுவிட்டு ஒலியின் ஸ்தாயியை மட்டும் மென்பொருளில் மேலே தூக்குவது. மற்றது, 25 பிரேமிலேயே டிசிபி செய்வது. முதல் வழி எளிது, எந்தச் செர்வரிலும் ஓடும். ஆனால் சுருதி சரியானாலும் காலப்பிரமாணம் மெதுவாகவே இருக்கும், மிருதங்கம் இழுத்துக்கொண்டே போகும். இதைப் பெட்டிக்காரரிடம் சொன்னபோது, “சுருதி அம்மா, லயம் அப்பா. அம்மைய மட்டும் கூட்டிட்டு வந்தா போதுமா?” என்றார். இரண்டாம் வழியில் சிக்கல், பழைய செர்வர்கள் சில 24, 48 தவிர வேறு வேகத்தை ஏற்காது. எங்கள் அரங்கின் செர்வர் ஏற்குமா என்பது போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை கடைசியில் புதிய டிஸ்க் வந்தது. வசனத்தை எடிட்டர் சென்டர் ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுத்திருந்தார். ஒரு காட்சியைக்கூடச் சேர்க்கவோ வெட்டவோ இல்லை. சான்றிதழ் அசல் பதிவின் நீளத்துக்கே எடுக்கப்பட்டிருந்ததால் அந்த வகையில் தொந்தரவு வரவில்லை.

இரவுக் காட்சி முடிந்து, கூட்டம் கலைந்து, பாப்கார்ன் காகிதங்களைப் பெருக்கிக்கொண்டிருந்த நேரம். பெட்டிக்காரரை ஆட்டோவில் அழைத்து வந்தோம். காலியான அரங்கில் நான்காவது வரிசையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆபரேட்டர் ஆலோலத்துக்கு நேராகத் தாவினார். செர்வர் 25-ஐ ஏற்றுக்கொண்டது. வள்ளி வாய் திறந்தாள். இவர் அஞ்சை அழுத்தினார், விடாமல் பிடித்தார், பாட்டு முடியும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கேபின் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார். மேலே கண்ணாடிக்குப் பின்னால் ஆபரேட்டரும் கையைத் தூக்கியது தெரிந்தது.

ஒலி அளவையும் அன்றே முடிவு செய்தோம். சாரல் விழுந்தால் எவ்வளவு கூட்டுவது என்பதை ஆபரேட்டர் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார்.

இரண்டாம் காட்சி: 2024 செப்டம்பர் 1, ஞாயிறு பிற்பகல்

எஸ்டேட்டில் ஞாயிறு விடுமுறை. காட்சியைப் பிற்பகல் 3 மணிக்கு வைத்தோம். வரவேற்புரை, சால்வை ஒன்றும் வைக்கவில்லை, மூன்றுக்குச் சொன்னபடி விளக்கை அணைத்தோம். முதல் காட்சி டிக்கெட் வைத்திருந்தவர்களை இலவசமாக அனுமதித்தோம். 121 பேர் வந்தார்கள். அதில் 57 பேர் பழைய டிக்கெட்காரர்கள். எஸ்டேட்டிலிருந்து 44 பேர், ஆறு பேர் கூடுதல்.

‘ஒன்ஸ்மோர்’ பற்றி நாங்கள் நிறைய யோசித்திருந்தோம். குரல் எழுந்தால் ஆலோலத்தைத் திரும்ப ஓட்டுவது என்று முடிவு. ஆபரேட்டர் அந்தப் பாட்டின் தொடக்க நேரத்தைக் குறித்து வைத்திருந்தார். யோசனை என்னுடையது, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்தது.

பாட்டு முடிந்தது. இந்த முறை பல வரிசைகளிலிருந்து குரல் வந்தது. ஆபரேட்டர் நிறுத்தினார், பின்னோக்கிப் போனார், வள்ளி மறுபடி பரண் ஏறினாள். விசில், கைதட்டல், சிரிப்பு. எனக்குக் கண் கலங்கியது. பல்லவி இரண்டாம் முறை வரும்போது சத்தம் அடங்கியது. சரணத்துக்குள் அரங்கு முழுக்க அமைதி. அது ரசித்துக் கேட்கும் அமைதி இல்லை. முதல் தடவை எந்தச் சங்கதி எங்கே விழுந்ததோ, அதே சங்கதி அதே இடத்தில் விழுந்தது. கையைத் தூக்கிக் கிளியை ஓட்டியபோது அதே வளையல் அதே மாதிரி சரிந்தது. பாட்டு முடிந்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. எனக்கு முன்வரிசையில் இருந்த பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: “இது திருப்பிப் போட்டது. திருப்பிப் பாடினது இல்ல.”

கொட்டகையில் ‘ஒன்ஸ்மோர்’ கேட்பது அதே பாட்டை இன்னொரு தரம் கேட்பதற்காக இல்லை. இன்னும் என்ன வைத்திருக்கிறாய், எடு என்று கேட்பது. பாடுகிறவர் அதற்குத்தான் வேறொரு பிடி பிடிப்பார், பெட்டி அவரைத் துரத்தும், மிருதங்கம் ஒரு மோரா, அதாவது முடிப்புத் தாளக்கட்டு, கூடுதலாக வைக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். பொத்தானை அழுத்தினால் அது வந்துவிடும் என்றும் நினைத்துவிட்டேன். அந்த முடிவு தவறு.

மற்றவை நன்றாக நடந்தன. தர்க்கம் வரும் இடத்தில் வேலனுக்கு ஒரு பக்கம், வள்ளிக்கு ஒரு பக்கம் என்று அரங்கு பிரிந்து சிரித்தது. வசனம் நடுவிலிருந்து வந்தது. சாரலும் வந்தது, சாக்பீஸ் கணக்கு வேலை செய்தது. இடைவேளை, திரும்ப ஓட்டிய பாட்டு எல்லாம் சேர்த்தும் 5.15-க்குள் மங்களம் வந்துவிட்டது. கல்யாணக் காட்சியில் எஸ்டேட் பெண்கள் இருந்த பக்கத்திலிருந்து குலவைச் சத்தம் எழுந்தது. முதல் தடவை செருப்பு மாட்டிக்கொண்டே பேசிய அம்மா இந்தத் தடவை மகளையும் கூட்டி வந்திருந்தார். மங்களம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் இருவரும் சற்று நேரம் எழுந்திருக்கவில்லை.

பெட்டிக்காரர் கடைசிவரை இருந்தார். இரண்டாம் முறை ஓடிய ஆலோலத்தின்போது அவர் விரல்கள் தொடைமேல் எதையோ வாசித்துக்கொண்டிருந்ததை என் மனைவி பார்த்திருக்கிறாள். திரையில் கேட்ட பாட்டுக்கு அது பொருந்தவில்லையாம். அவர் வேறு ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார்.

வரவு செலவு

முதல் காட்சியில் வசூல் 13,040. வாடகை 9,000, குழுவுக்குப் பேசியது 5,000. இரண்டாம் காட்சியில் புது டிக்கெட் 64, வசூல் 5,120. வாடகை அதே 9,000. குழு இரண்டாவது தடவைக்குப் பணம் வேண்டாம் என்றுவிட்டது. இரண்டும் சேர்ந்து 4,840 ரூபாய் கை நட்டம், சுவரொட்டிச் செலவு தனி. ஐந்து பேரும் பகிர்ந்துகொண்டோம். முதல் காட்சியே ஒழுங்காக நடந்திருந்தால் நட்டம் ஆயிரத்துக்குள் நின்றிருக்கும்.

அடுத்த முறை மாற்றுவது

டிஸ்க் கைக்கு வந்த அன்றே செர்வர் காட்டும் நீளத்தை அசல் பதிவின் நீளத்தோடு ஒப்பிடுவோம். ஐந்து நிமிட வேலை. நூறு நிமிடத்துக்கு நாலு நிமிடம் கூடியிருந்தால் வேகம் மாறியிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு ஒரு பாட்டு முழுதாக, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. சோதனைக்குப் பெட்டிக்காரர் வந்த பிறகுதான் சுவரொட்டி அடிப்போம்.

மலைக்கு மேலே இருந்து வருகிறவர்களின் கடைசி பஸ்ஸைக் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் காட்சி நேரம் வைப்போம்.

‘ஒன்ஸ்மோர்’ விஷயத்தில் ஐந்து பேருக்கும் ஒரே கருத்து இல்லை. இரண்டு பேர் பாட்டு முடிந்ததும் படத்தை அரை நிமிடம் நிறுத்தி, கைதட்டலுக்கு இடம் விட்டுத் தொடரலாம் என்கிறார்கள். எனக்கு அது போதாது. பெட்டிக்காரரிடம் கேட்டேன். திரைக்கு முன்னால் இருக்கும் மரப்படியில் ஒரு மைக்கும், பெட்டி வைக்க ஒரு பெஞ்சும் போட முடியுமா என்று திருப்பிக் கேட்டார். பாடுவதற்கு வள்ளி வேஷம் கட்டும் பெண்ணையே ஒரு நாள் வரச் சொல்லலாம், கொடை இல்லாத நாளாகப் பார்த்து. அண்ணாச்சி மரப்படியை அளந்து பார்த்தார், நாலடி அகலம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குப் புரட்டாசியில் இரண்டு ஞாயிறு காலி என்று குழுவிலிருந்து சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எந்த ஞாயிறு என்பதை எஸ்டேட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்ய வேண்டும்.